ஸ்பானியச் சொல்லழுத்தமும் வயதுவந்தோர் செவிப்பயிற்சியும்: ஆங்கில மொழியினரை முன்வைத்து ஒரு கருத்துரை

ஸ்பானிய மொழியில் ஒரு வினைச்சொல்லின் எழுத்துகள் அப்படியே நிற்க, அழுத்தம் பெறும் அசை மட்டும் இடம் மாறினால் அவ்வினையின் எழுவாயும் காலமும் மாறிவிடும். [கன்]தொ என்றால் ‘நான் பாடுகிறேன்’. கன்[தொ] என்றால் ‘அவர் பாடினார்’. பகர அடைப்பினுள் இருப்பது அழுத்தம் பெறும் அசை. ஸ்பானியத்தில் உயிரின் நீட்டம் பொருள் வேறுபாடு தருவதில்லை. ஆதலின் எடுத்துக்காட்டுச் சொற்களின் உயிர்கள் அனைத்தும் இங்குக் குறிலாகவே எழுதப்படுகின்றன. மேற்கண்ட இணை ஓர் அரிய விதிவிலக்கன்று. ‘அர்’ என முடியும் வினைகளே ஸ்பானிய வினைத்தொகுதியில் மிகப் பெரும்பான்மை. புதிதாகத் தோன்றும் வினைகளும் பெரும்பாலும் அவ்வகையிலேயே சேர்கின்றன. அவற்றுள் ஒழுங்கான வினை ஒவ்வொன்றும் இத்தகைய இணையைத் தரும். கன்[த]ர என்பது ‘பாடியிருந்தால்’ என்பது போன்ற நிகழாநிலைப் பொருளைச் சுட்ட, கன்த[ர] ‘பாடுவார்’ என எதிர்காலம் காட்டும். மும்மையாய் அமைவனவும் உள: [நு]மெரொ ‘எண்’, நு[மெ]ரொ ‘எண்ணிடுகிறேன்’, நுமெ[ரொ] ‘எண்ணிட்டார்’. பெயர்ச்சொற்களும் தப்பவில்லை. இலத்தீன் அமெரிக்க வழக்கில் [ப]ப உருளைக்கிழங்கு, ப[ப] அப்பா.

தமிழில் ‘பாடினேன்’, ‘பாடினார்’ என்பவை விகுதியால் வேறுபடுகின்றன. ‘ஏன்’, ‘ஆர்’ என்னும் விகுதிகள் தனித்தனி ஒலிகளால் ஆனவை. காதில் ஒன்று மற்றொன்றாய் விழுவது அரிது. [கன்]தொ, கன்[தொ] ஆகிய இரண்டிற்கும் ஈறு ஒன்றே. தமிழைப் போன்று ஸ்பானியமும் தோன்றா எழுவாயை இயல்பாகக் கொண்ட மொழி என்பதால், பாடியவர் யார் என்பதைச் சுட்டும் பிறிதொரு சொல் பெரும்பாலும் தொடரில் இராது. குழந்தையுடன் மருத்துவமனைக்கு வந்த தாய் [தொ]மொ என்று சொன்னால் அம்மாத்திரையைத் தானே உட்கொள்வதாகப் பொருள். தொ[மொ] என்று சொன்னால் குழந்தை உட்கொண்டுவிட்டதாகப் பொருள். சூழல் பல வேளைகளில் கைகொடுக்கும். கைகொடாத வேளையும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இல்லத்தில் ஸ்பானியம் பேசுகின்றனர். அவர்களோடு பழகும் மருத்துவர், செவிலியர், ஆசிரியர், சமூகப் பணியாளர் ஆகியோருள் வளர்ந்த பின்னரே ஸ்பானியம் கற்கும் ஆங்கில மொழியினர் பலர். அவர்கள் காதில் இவ்வேறுபாடு விழுகிறதா, விழாவிடில் பயிற்சியால் விழச்செய்ய இயலுமா என்பது வெறும் ஒலியியல் ஆர்வம் சார்ந்த வினாவன்று.

இயலும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. ஆயினும் எத்தகைய பயிற்சி என்பதில் இதுவரை ஆய்வாளர்கள் ‘பல குரல்’ என்பதற்குக் கொடுத்த முதன்மையை ‘பல தொடர்’ என்பதற்குக் கொடுக்கவில்லை. சொல்லழுத்தத்தைப் பொறுத்தவரை பின்னதே முதன்மை பெறத்தக்கது.

ஆங்கிலச் செவியின் பழக்கம்

ஆங்கிலமும் சொல்லழுத்தம் உடைய மொழியே. பின் அதன் மக்களுக்கு ஸ்பானிய அழுத்தம் ஏன் எட்டாமற் போகிறது? விடை, ஆங்கிலத்தில் அழுத்தம் தனித்து வருவதில்லை என்பதில் உள்ளது. அழுத்தம் நீங்கிய அசையின் உயிர் தன் தன்மையையே இழந்து, வாயின் நடுவில் பிறக்கும் மைய உயிராகத் தேய்ந்துவிடுகிறது. ‘ஃபோட்டோகிராஃப்’ என்னும் சொல்லில் முதல் உயிர் முழுமையாக ஒலிக்க, இரண்டாம் உயிர் தேய்கிறது. ‘ஃபோட்டோகிராஃபி’ என்னும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குப் பெயர்கிறது. உடனே முதல் உயிர் தேய்ந்து இரண்டாவது முழுமை பெறுகிறது. தமிழறிஞர்க்குக் குற்றியலுகரம் நினைவிற்கு வரலாம். ஒரு மாத்திரை உகரம் அரை மாத்திரையாகக் குறுகும்போது இதழ்குவிவும் குன்றி ஒலியின் தன்மையே வேறாவதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். ஒப்புமை முழுமையானதன்று. குற்றியலுகரம் சொல்லின் ஈற்றிடத்தாலும் தான் ஊர்ந்துவரும் வல்லினத்தாலும் வரையறுக்கப்படுவது. ஆங்கிலத்து மைய உயிர் அழுத்தம் நீங்கிய எவ்விடத்தும் வரக்கூடியது. எனினும் குறுக்கமும் தன்மைத் திரிபும் இணைந்தே வருகின்றன என்னும் அளவில் ஒப்புமை பொருந்தும்.

இதனால் விளைவது யாது? ஆங்கிலக் குழந்தை தன் மொழியைக் கற்கும்போதே, அழுத்தத்தைத் தேட வேண்டிய இடம் உயிரின் தன்மை என்று பழகிக்கொள்கிறது. சுருதி, கால அளவு, ஒலிச்செறிவு ஆகிய ஏனைய குறிப்புகள் காதில் விழாமல் இல்லை. 1950களில் டி. பி. ஃபிரை, பெயராகவும் வினையாகவும் வழங்கும் ‘சப்ஜெக்ட்’, ‘பெர்மிட்’ முதலான சொற்களைக் கொண்டு நிகழ்த்திய சோதனைகள், கால அளவையோ சுருதியையோ மாற்றினாலே ஆங்கிலேயர்தம் தீர்ப்பு மாறுவதைக் காட்டின. ஆனால் அவ்வளவில் அவை பயன்படக்கூடும் என்பது வேறு. அன்றாடக் கேட்டலில் அவை பயன்படுத்தப்படுகின்றன என்பது வேறு. ஆன் கட்லர் 1986இல் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியது. ‘ஃபோர்பேர்’ என்னும் ஒலிக்கோவை முதலசையில் அழுத்தம் பெற்றால் ‘மூதாதையர்’. இரண்டாம் அசையில் பெற்றால் ‘தவிர்த்துக்கொள்’. இரண்டிலும் உயிர்கள் தேய்வதில்லை. அவற்றுள் எதனைக் கேட்டாலும் ஆங்கில மொழியினர் உள்ளத்தில் இரு பொருளும் ஒருங்கே எழுந்தன. அழுத்தம் மட்டும் வேறுபடும் அச்சொற்கள் அவர்களுக்கு ஒலியொப்புச் சொற்களாகவே நின்றன.

ஸ்பானியரிடம் நிலை வேறு. சோத்தோ-ஃபராக்கோ, செபஸ்தியான்-கயேஸ், கட்லர் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ‘ப்ரின்சி’ என்னும் சொல்முன்பகுதியை இருவகை அழுத்தத்தில் கேட்பித்தனர். [ப்ரின்]சிபெ ‘இளவரசர்’, ப்ரின்[சி]பியொ ‘தொடக்கம்’. அழுத்தம் பொருந்தாதபோது சொல்லை இனங்காண்பது தடைப்பட்டது. ஸ்பானியர் சொல் முடியும்வரை காத்திருப்பதில்லை. அழுத்தத்தைக் கொண்டு பொருந்தாச் சொல்லைத் தொடக்கத்திலேயே தள்ளிவிடுகின்றனர்.

மூன்றாவதாக ஒன்றையும் கருத வேண்டும். கூப்பர், கட்லர், வேல்ஸ் மூவரும் 2002இல், ஆங்கிலச் சொற்களின் முன்பகுதியை மட்டும் கேட்பித்து, அது ‘மியூசிக்’ என்பதன் பகுதியா ‘மியூசியம்’ என்பதன் பகுதியா என வினவினர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரினும் டச்சு மொழியினர் சிறப்பாக விடையளித்தனர். சொந்த மொழியின் அழுத்தத்தை அயலார் நுட்பமாகக் கேட்க, உரியோர் கோட்டைவிடுகின்றனர்! இதனின்று பெறப்படுவது, ஆங்கிலச் செவியிடம் புலன் குறைவு இல்லை. தேவை இல்லாமையால் கைவிட்ட பழக்கமே உள்ளது என்பதாகும். பயிற்சி என்பது இல்லாத புலனை உண்டாக்குவதன்று. கைவிட்ட குறிப்பின்பால் கவனத்தை மீண்டும் திருப்புவதே.

பிரெஞ்சியர் சான்றும் அதன் எல்லையும்

வயதுவந்தோர்க்குச் சொல்லழுத்தம் கைவராது என்போர் பெரிதும் மேற்கோள் காட்டுவது பிரெஞ்சு மொழியினர் பற்றிய ஆய்வுகளை. துபூ, செபஸ்தியான்-கயேஸ் முதலானோர் 1997 தொடங்கி வெளியிட்டவை அவை. பிரெஞ்சில் சொல்லழுத்தம் பொருள் வேறுபாடு தருவதில்லை. ஸ்பானியரோடு ஒப்பிட, அழுத்தத்தால் மட்டும் வேறுபடும் சொற்களை நினைவில் இருத்தி வேறுபடுத்துவதில் பிரெஞ்சியர் பெரிதும் இடர்ப்பட்டனர். இதனை அவ்வாய்வாளர்கள் ‘அழுத்தச் செவிடு’ என மேற்கோள் குறிக்குள் வைத்தே வழங்கினர். அக்குறியை நீக்கிவிட்டு மேற்கோள் காட்டும் வழக்கம் பின்னர்ப் பரவியது வருந்தத்தக்கது. 2008இல் வெளிவந்த தொடராய்வு, ஸ்பானியம் கற்ற பிரெஞ்சியரிடமும், அவர்களுள் தேர்ச்சி மிக்கோரிடமுங்கூட, இவ்விடர்ப்பாடு நீங்காதிருப்பதைக் காட்டியது.

இச்சான்றினை ஆங்கில மொழியினர்க்கு அப்படியே பொருத்துவது இருவகையில் தவறாகும். முதலாவது, ஆங்கிலத்தில் சொல்லழுத்தம் உண்டு. அதன் மக்கள் ‘எந்த அசை ஓங்கியது’ என்னும் வினாவையேனும் அறிவர். இரண்டாவதே முதன்மையானது. 2008ஆம் ஆண்டு ஆய்வு ஒப்பிட்டது தேர்ச்சி நிலைகளை. செவிப்பயிற்சி பெற்றோரையும் பெறாதோரையும் அன்று. மொழியைக் கற்பதாலும் அதனோடு பழகுவதாலும் மட்டும் காது மாறிவிடாது என்பதே அவ்வாய்வு நிறுவிய உண்மை. அது பயிற்சியின் தோல்விக்குச் சான்றன்று. பயிற்சியின் தேவைக்குச் சான்று.

மொழி பேசும் நாட்டில் சில மாதம் தங்கினால் காது தானே திருந்தும் என்னும் நம்பிக்கை மொழித்துறைகளில் வேரூன்றியுள்ளது. ரொமானெல்லி, மெனெகோத்தி, ஸ்மித் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்பானியத்தைக் காலந்தாழ்த்திக் கற்ற ஆங்கில மொழியினரிடம் செவிப்பயிற்சியின் பயனையும் அயல்நாட்டு உறைவின் பயனையும் ஒன்றோடொன்று கலவாமல் நோக்க முயன்றது. பயிற்சி பெற்றோரிடம் முன்னேற்றம் காணப்பட்டது. இவ்வாறு பிரித்து நோக்குதலே சரியான தொடக்கம்.

‘பல குரல்’ என்னும் கொள்கை

செவிப்பயிற்சியின் வரலாறு அழுத்தத்தில் தொடங்கவில்லை. ஜப்பானியர் ஆங்கிலத்து ரகர லகரங்களை வேறுபடுத்தக் கற்ற கதையில் தொடங்குகிறது. லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் 1991இல், இணைச்சொற்களை ஐவர் குரலில் பதிவுசெய்து, கேட்போர் அளிக்கும் விடை சரியா தவறா என அவ்வப்போதே தெரிவித்து, ஏறத்தாழ மூன்று வாரம் பயிற்றினர். முன் கேளாச் சொற்களிலும் முன்னேற்றம் தென்பட்டது. 1993இல் வந்த அடுத்த ஆய்வில், ஒரே குரலில் பயின்றோர் புதிய குரலைக் கேட்டபோது அம்முன்னேற்றத்தைக் காட்டவில்லை. 1997இல் பிராட்லோவும் உடன் ஆய்வாளர்களும், கேட்டுப் பயின்றோரின் உச்சரிப்பும் தனிப்பயிற்சியின்றியே திருந்தியதைக் காட்டினர். 1999இல் வாங் முதலானோர் அமெரிக்கர்க்குச் சீன மொழியின் தொனிகளைப் பயிற்றினர். இரு வாரங்களில் எட்டு அமர்வுகள்; இனங்காணும் திறன் 21 விழுக்காடு உயர்ந்தது; ஆறு மாதம் கழித்தும் அது நிலைத்தது. சீனத் தொனி பெரிதும் சுருதியால் ஆவது. அசையின் சுருதியைச் சொற்பொருளுக்குரியதாகக் கருதிப் பழகாத காது இரு வாரத்தில் அவ்வளவு திருந்துமாயின், ஸ்பானிய அழுத்தத்திற்கு ஏன் திருந்தாது?

இவ்வரலாற்றிலிருந்து ஆய்வுலகம் எடுத்துக்கொண்ட பாடம், ‘பல குரல் வேண்டும்’ என்பது. அது நாளடைவில் கொள்கையாகவே இறுகிவிட்டது. ஆனால் 2011இல் பெராக்கியோனும் உடன் ஆய்வாளர்களும், சுருதி வேறுபாட்டை உணரும் இயல்திறன் குன்றியோர்க்குக் குரல்கள் அடுத்தடுத்து மாறுவது பயன் தராமல் இடராவதைக் காட்டினர். ஜப்பானியர் ஆய்வையே மிகுதியான கற்போரைக் கொண்டு மீளச் செய்து 2022இல் வெளியிட்ட பிரேகெல்மன்ஸ் குழுவினர்க்கு, ஒரு குரல் பயிற்சியைக் காட்டிலும் பல குரல் பயிற்சி மேலானது என்பதற்கு உறுதியான சான்று கிட்டவில்லை. பல குரல் கொள்கை பொய்த்துவிட்டது என்று இதனால் முடிவு கட்ட வேண்டியதில்லை. ‘எது மாற வேண்டும்’ என்னும் வினாவை ஒவ்வொரு ஒலிவேறுபாட்டிற்கும் தனித்தனியே எழுப்ப வேண்டும் என்பதே பெறத்தக்கது. ரகர லகரங்களின் ஒலிக்கூறு பேசுவோர்தம் வாயமைப்பிற்கேற்ப மாறுகிறது. எனவே குரலை மாற்றுவது அங்குப் பொருத்தமே. அழுத்தத்தின் ஒலிக்கூறு எதனால் மிகுதியாக மாறுகிறது?

தொடரே அழுத்தத்தை மறைக்கிறது

தனிச்சொல்லாகச் சொல்லும்போது [கன்]தொ என்பதும் கன்[தொ] என்பதும் எளிதில் வேறுபடும். ஓங்கிய சுருதி, நீண்ட காலம், மிகுந்த செறிவு மூன்றும் அழுத்தம் பெறும் அசையின்மேல் ஒருங்கே வந்து அமர்கின்றன. பயிற்சி நிரல்கள் பலவும் இத்தகைய தனிச்சொற் பதிவுகளைக் கொண்டே அமைவதற்கு, அவற்றைப் பதிவுசெய்வதும் அளப்பதும் எளிது என்பதே காரணம். ஆனால் எவரும் தனிச்சொற்களால் உரையாடுவதில்லை.

அறிவிப்புத் தொடரின் இடையில் அச்சொல் வரும்போது நிலை மாறுகிறது. ஸ்பானியத்தில் தொடரிறுதிக்கு முன்னுள்ள சொற்களில், சுருதி அழுத்தம் பெறும் அசையில் ஏறத் தொடங்கி, உச்சத்தை அதற்கு அடுத்த அசையிலேயே எட்டுவது இயல்பு. [கன்]தொ என்று பேசுவோர் சொல்ல, மிக உயர்ந்த சுருதி ‘தொ’வின்மேல் ஒலிக்கும். ‘ஓங்கிய இடமே அழுத்தம்’ என்று தனிச்சொற்களால் பயின்ற காது அதனைக் கன்[தொ] என்று கொள்ளும். அதாவது, பயிற்சியே பிழையைக் கற்பித்துவிடுகிறது. ஆம், இல்லை என விடை வேண்டும் வினாக்களிலும் இத்தகைய சிக்கல் உண்டு. வட்டார வழக்குகள் பலவற்றில் அவற்றின் ஈறு மேலேறும். அழுத்தம் முதலசையில் இருப்பினும் சுருதியின் உச்சம் ஈற்றசையில் நிற்கும்.

மூன்றாவது சூழல் இன்னும் நுட்பமானது. ஒருவர் கூற்றை எடுத்துரைத்தபின் ‘என்றார்’, ‘எனப் பாடினார்’ என்பன போல் வரும் பின்னிணைப்புத் தொடரில் சுருதி ஏறுவதே இல்லை, சமநிலையில் செல்லும். அங்கு அழுத்தத்தை எதனால் அறிவது? ஓர்த்தேகா-யெபாரியா, பிரியேத்தோ இருவரும் கத்தலான் மொழியையும் காஸ்தீலிய ஸ்பானியத்தையும் ஒப்பிட்டு 2011இல் வெளியிட்ட ஆய்வு, சுருதி உதவாத அவ்விடத்தும் கால அளவு அழுத்தத்தைக் காட்டி நிற்பதை நிறுவியது. கன்[தொ] போன்ற கடந்தகால வடிவங்கள் கதை சொல்லுமிடங்களில் மிகுதியாக வருபவை. ‘என்றார்’ வகைத் தொடர்களும் அவ்விடத்திற்கே உரியவை. கற்போர்க்கு அழுத்தம் மிகத் தேவைப்படும் இடமும், அது மிக மெலிந்து ஒலிக்கும் இடமும் ஒன்றாகவே இருப்பது கவனத்திற்குரியது.

ஆகவே அழுத்தப் பயிற்சியில் மாற வேண்டியது முதலில் தொடர்; பிறகே குரல். ஒரே குரலில், ஒரே இணைச்சொல்லை, அறிவிப்புத் தொடரின் இடையிலும், வினாவின் ஈற்றிலும், கூற்றுக்குப் பின்வரும் சமநிலைத் தொடரிலும் வைத்துக் கேட்பித்தால், ‘சுருதி உச்சம்’ என்னும் குறுக்குவழி மூன்றில் ஒன்றிலேனும் பொய்த்துப்போகும். கற்பவர் அதனைக் கைவிட்டே தீர வேண்டும். எம்மூன்றிலும் நிலைத்து நிற்கும் குறிப்பு எதுவோ அதன்மேல் கவனம் செல்லும். இயல்திறன் குன்றியோர்க்கும் இவ்வரிசை ஏற்றது. குரல் மாறாதபோது, அவர்கள் ஒப்பிட வேண்டியது ஒன்றாகவே இருக்கும். இதற்கு எதிராக, ‘தொடரில் வைத்துக் கேட்பித்தால் கற்போர் சூழலைக் கொண்டு விடையை ஊகித்துவிடுவர்’ என்று கூறலாம். இரு வடிவமும் ஒருங்கே பொருந்தும் தொடர்களைத் தெரிந்தெடுத்தால் அத்தடை நீங்கும். தோன்றா எழுவாய் உடைய மொழியில் அத்தகைய தொடர்களுக்குப் பஞ்சமில்லை.

அளவுகோலில் உள்ள குறை

பயிற்சியின் பயனை அளக்கும் முறையிலும் இரு குறைகள் தொடர்ந்து வருகின்றன. ‘எந்த அசையில் அழுத்தம்’ என்று வினவும் தேர்வு, கற்பவரை இலக்கண மாணவராக்கி அளக்கிறது. அசையை எண்ணிச் சரியாகச் சுட்டும் ஒருவர், பேச்சின் விரைவில் பாடியவர் யார் என்பதைப் பற்றத் தவறலாம். தேர்வு வினவ வேண்டியது ‘யார்’, ‘எப்போது’ என்பவற்றையே. இரு படங்களைக் காட்டி ஒன்றைச் சுட்டச் சொன்னாலே போதும். அசை என்னும் சொல்லே தேர்வறைக்குள் வர வேண்டியதில்லை.

மற்றொன்று எண் சார்ந்தது. இரண்டில் ஒன்றைத் தெரியும் தேர்வில், கேளாமலே விடையளிப்பவரும் 50 விழுக்காடு பெறுவார் என்பது எவரும் அறிந்தது. ஸ்பானியச் சொற்களுள் பெரும்பான்மை ஈற்றயலசையில் அழுத்தம் பெறுவன. இதனைக் கற்போர் விரைவில் உணர்ந்து, ஐயம் நேரும்போதெல்லாம் ஈற்றயலசையையே சுட்டுகின்றனர். அத்தகையவர் [கன்]தொ வகைச் சொற்களில் ஏறத்தாழ முழு மதிப்பெண் பெற்று, கன்[தொ] வகையில் வீழ்வார். கூட்டிச் சராசரி கண்டால் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும். முன்னேற்றம் என்று அறிவிக்கப்படுவது காதின் திருத்தமா, சாய்வின் மாற்றமா என்பதை இரு வகையையும் தனித்தனியே காட்டும் அட்டவணையால்தான் அறிய முடியும்.

வகுப்பறையில் இக்குறை வேறொரு வடிவில் உள்ளது. ஸ்பானிய எழுத்துமுறை அழுத்தத்தைக் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. உயிரிலோ ‘ன்’, ‘ஸ்’ என்னும் ஒற்றிலோ முடியும் சொல்லுக்கு ஈற்றயலசையில் அழுத்தம்; பிற ஒற்றில் முடிந்தால் ஈற்றசையில்; இவ்விதிக்கு மாறுபடின் உயிரின்மேல் ஒரு சாய்கீற்று. ஒரு மணி நேரத்தில் கற்பித்துவிடலாம், தேர்வும் வைத்துவிடலாம். அழுத்தம் கற்பித்தாயிற்று என்று ஆசிரியரும் மாணவரும் மனநிறைவு கொள்கின்றனர். பேச்சில் சாய்கீற்று ஒலிப்பதில்லை.

தமிழ்க்கண் நோக்கின்

தமிழில் சொல்லழுத்தம் பொருள் வேறுபாடு தருவதில்லை. எழுத்தை எடுத்தும் படுத்தும் நலிந்தும் ஒலிப்பதை நன்னூல் சுட்டுகிறதெனினும், அது எழுத்தின் ஒலித்திரிபாகவே கூறப்படுகிறது; பொருளைப் பிரிக்கும் கருவியாக அன்று. தமிழ் அதற்குக் கைக்கொண்ட கருவி மாத்திரை. ஸ்பானியப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது இது வெளிப்படுகிறது. பாப்லோ நெரூதா என்னும் பெயரில் ஸ்பானியர் அழுத்தும் ‘பா’வும் ‘ரூ’வும் தமிழில் நெடிலாகியுள்ளன, ஆனால் அழுத்தமற்ற ‘லோ’வும் ‘தா’வும் நெடிலாகவே நிற்பதால், தமிழில் படிப்பவர் அழுத்தம் எங்கென்று அறிய வழியில்லை. இலத்தீன் அமெரிக்க இலக்கியத்தை இவ்வளவு ஆர்வத்தோடு மொழிபெயர்த்துப் படிக்கும் மொழியில், இதற்கொரு மரபு தோன்றாதிருப்பது ஒரு குறையே.

ஆங்கில மொழியினர் தமிழ் கற்கும்போது சிக்கல் தலைகீழாகிறது. மலை–மாலை, எடு–ஏடு, வடை–வாடை என்னும் இணைகளில் அவர்கள் பற்ற வேண்டியது கால அளவை. ஆங்கிலத்திலோ நீண்ட உயிர் தன்மையிலும் வேறாக ஒலிப்பதால், காலம் மட்டும் வேறுபடுவதை அவர்கள் காது சிறப்பாகக் கருதுவதில்லை. ஸ்பானியத்தில் நேர்ந்த அதே கவனப் பழக்கமே இங்கும் குறுக்கிடுகிறது. தமிழைப் பிறமொழியாளர்க்குப் பயிற்றும் துறைகள் இத்தகைய செவிப்பயிற்சியைக் கைக்கொள்ள விரும்பினால், ஸ்பானியத்திற்கு வகுத்த நிரலை அப்படியே பெயர்த்துக்கொள்வது பயன்படாது. குறில் நெடிலைத் தொடரின் சுருதி அவ்வளவாக மறைப்பதில்லை. மறைப்பது பேச்சின் விரைவு. இமைப்பொழுதையும் நொடிப்பொழுதையும் கொண்டு மாத்திரையை விளக்கிய இலக்கண மரபு ஓர் அளவைத் தந்தது உண்மை. ஆனால் விரைந்து பேசுவோர் வாயில் ‘மாலை’யின் ஆகாரம், ஆறஅமரப் பேசுவோர் வாயில் ‘மலை’யின் அகரத்தை நெருங்கிவிடும். அங்கு வேறுபாட்டைக் காப்பது தனி நீளமன்று. அடுத்துள்ள அசைகளோடு அதற்குள்ள விகிதம். எனவே தமிழ்ப் பயிற்சியில் முதலில் மாற வேண்டியது விரைவு: ஒரே குரலில், ஒரே தொடரில், ‘மலை’யும் ‘மாலை’யும் மெதுவாகவும் இயல்பாகவும் விரைவாகவும் பதிவாக வேண்டும். ஒற்றிரட்டும் படு–பட்டு போன்ற இணைகளுக்கும் இம்முறை பொருந்துமா என்பது தனியே ஆராயத்தக்கது. அங்குக் கால அளவோடு வல்லினத்தின் ஒலிப்புத்தன்மையும் சேர்ந்தே மாறுவதால், கற்போர் காலத்தை விட்டு ஒலிப்புத்தன்மையைப் பற்றிக்கொண்டே சரியான விடையை எட்டிவிடக்கூடும்.